சிறுமை உணர்த்தும் அளவடைகளும் வேற்றுமைத் தொடர்களும்

1. ஆராயும் பொருள்

தமிழில் சிறுமையளவை உணர்த்தும் சொற்கள் பல உள. அவற்றுள் சிறிது, சற்று, கொஞ்சம் என்னும் மூன்றும் இன்றைய எழுத்து வழக்கிலும் பேச்சு வழக்கிலும் பெரிதும் பயில்வன. இவை வினைக்கு அடையாக வருதல் யாவரும் அறிந்ததே. ‘சிறிது பேசினான்’, ‘சற்று நின்றான்’, ‘கொஞ்சம் உண்டான்’ என்பவற்றில் ஐயம் ஒன்றும் இல்லை. ஆயின், வேற்றுமையுருபு ஏற்ற பெயரும் அதனை அடுத்து வரும் இடப்பெயர் அல்லது காலப்பெயரும் இணைந்த தொடரில் இவ்வளவுச் சொல் எவ்விடத்து நிற்றல் முறை என்பது தனித்து நோக்கத் தக்கதொரு வினாவாகும்.

பின்வரும் இரண்டு தொடர்களை ஒப்பிட்டுக் காண்போம்.

(1) இராசபாளையத்துக்குச் சற்று மேற்கே மலைத்தொடர் உள்ளது.
(2) சற்று இராசபாளையத்துக்கு மேற்கே மலைத்தொடர் உள்ளது.

முதல் தொடர் இயல்பாக உள்ளது. இரண்டாவது தொடரைத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டார் எவர் செவியும் ஏலாது. சொற்கள் அவையே, உருபுகளும் அவையே, ‘சற்று’ என்னும் ஒரு சொல்லே இடம் மாறியது. எனினும் இரண்டாவது அமைப்பு ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெழுதப்படும் உரைநடையில் இடையிடையே தலைகாட்டுகிறது. இது நடையழகு பற்றிய குறை மட்டுமன்று. சிலவிடங்களில் பொருளே பிறழ்ந்துவிடும். அப்பிறழ்ச்சி எங்ஙனம் நேர்கிறது, அதனை விலக்கும் விதி யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

எடுத்துக்காட்டுகளை இராசபாளையம், திருவில்லிபுத்தூர் என்னும் இரண்டு ஊர்களைச் சார்த்தி அமைத்துள்ளோம். அதற்குக் காரணம் இரண்டு. அடுத்தடுத்து அமைந்த இவ்வூர்களில் திசையும் தொலைவும் அன்றாடப் பேச்சில் இடையறாது வருவன என்பது ஒன்று. தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் இராசபாளையம் ஒப்பியல் நோக்குக்கு இடந்தருகிறது என்பது மற்றொன்று.

2. ஆங்கிலத்தின் நிலை

ஆங்கிலம் முன்னுருபு மொழி. ‘மேற்கே’ என்னும் பொருள் தரும் சொல் முதலில் வரும். ஊர்ப்பெயர் அதன் பின்னர் வரும். அளவுச் சொல்லோ அவ்விரண்டற்கும் முன்னே நிற்கும். அம்மொழியின் சொல்வரிசையைத் தமிழ்ச் சொற்களால் காட்டுவதாயின், ‘சற்று – மேற்கே – ஊருக்கு’ என்றாகும். இங்கே அளவுச் சொல் தொடர் முழுமைக்கும் முன் நிற்பதாகத் தோன்றினும், அது உண்மையில் தனக்கு அடுத்து நிற்கும் ‘மேற்கே’ என்பதனையே அளக்கிறது. 2002-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடல்ஸ்டன், புல்லம் ஆகியோர், முன்னுருபுத் தொடர் இத்தகைய அளவடைகளை ஏற்கும் இயல்பினை எடுத்துக் கூறியுள்ளனர். ‘இரண்டு மைல்’ என்னும் எண்ணளவும் ‘சற்று’ என்னும் பொதுவளவும் அம்மொழியில் ஒரே இடத்தில் நிற்கின்றன.

மொழிபெயர்ப்பாளர் இடறுவது இவ்விடத்தேயாம். ஆங்கிலத் தொடரில் அளவுச் சொல் முதலில் நிற்கக் காண்பவர், தமிழிலும் அதனை முதலில் நிறுத்திவிடுகிறார். ஏனைய இரண்டும் தமிழ் முறைப்படி இடம் மாறிக்கொள்கின்றன. அளவுச் சொல் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதன் விளைவாக, அஃது அளக்க வேண்டிய சொல்லினின்று பிரிந்து, அளக்க இயலாத ஊர்ப்பெயரை அடுத்து நிற்கிறது.

3. எல்லைப் பொருளும் கு உருபும்

தமிழ் மரபிலக்கணம் இத்தொடரை வேற்றுமைப் பகுதியில் வைத்து விளக்குகிறது. ஒன்றனை எல்லையாகக் கொண்டு மற்றொன்றன் திசை கூறுதல் எல்லைப் பொருள் எனப்படும். நன்னூலார் இதனை ஐந்தாம் வேற்றுமையின் நான்கு பொருள்களுள் ஒன்றாக வைத்தார். ஏனைய மூன்று நீங்கல், ஒப்பு, ஏது என்பன. இதன்படி ‘இராசபாளையத்தின் வடகிழக்குத் திருவில்லிபுத்தூர்’ எனல் வேண்டும். நான்காம் வேற்றுமையின் கு உருபும் இப்பொருளில் வருதற்குத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் இடந்தந்துள்ளார். இன்றைய வழக்கில் கு உருபே பெரும்பான்மையாயிற்று. ‘இராசபாளையத்துக்கு வடகிழக்கே திருவில்லிபுத்தூர்’ என்றே யாவரும் கூறுவர்.

இத்தொடரில் தலைமைச் சொல் எது? ‘வடகிழக்கே’ என்பதே. ‘இராசபாளையத்துக்கு’ என்பது அத்திசைக்கு எல்லை வகுக்கும் சொல். ‘வடகிழக்கே திருவில்லிபுத்தூர்’ எனத் திசைச்சொல் தனித்தும் நிற்கும். அளவடை தலைமைச் சொல்லை ஒட்டி அதன் முன்னர் நிற்றல் தமிழ்த் தொடரின் பொதுவியல்பு. எனவே ‘சற்று வடகிழக்கே’ என்பது முதலில் ஒரு தொடராகி, அதன்பின் ‘இராசபாளையத்துக்கு’ என்னும் எல்லையைக் கொள்கிறது. எண்ணளவும் இவ்விடத்தையே பற்றி நிற்கும். ‘ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் மேற்கே’, ‘ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னர்’ என வருதல் காண்க. ‘சற்று’ என்பது இவ்வெண்ணளவு நின்ற இடத்திலேயே நின்று, எண் கூறாது சிறுமை மட்டும் கூறுகிறது.

காலப்பெயர்க்கும் இஃது ஒக்கும். திருவில்லிபுத்தூர் வட்டம் 1910-இல் திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரிந்து புதிய இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1985-இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் அடங்கியது. இவ்வரலாற்றை எழுதுவோர் ‘1910-க்குச் சற்று முன்னர்’ என்றும், ‘1985-க்குச் சிறிது பின்னர்’ என்றும் எழுதுவரேயன்றிச் ‘சற்று 1910-க்கு முன்னர்’ என எழுதார். அளவை ஒப்பிடுமிடத்தும் இவ்வாறே. இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலைவழித் தொலைவு ‘பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி’ என்பதே முறை.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஏறத்தாழ, ஏறக்குறைய, சுமார் என்னும் சொற்கள் எண்ணுக்கு முன்னரே நிற்கும். ‘ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர்’ என்பது பிழையன்று. இவை இரண்டு பொருள்களுக்கு இடைப்பட்ட வேறுபாட்டை அளப்பன அல்ல. எண்ணின் துல்லியத்தைத் தளர்த்துவன. எனவே எண்ணையே அடுத்து முன்நிற்றல் பொருந்தும்.

4. இடைவெளிச் சோதனை

எல்லாச் சொல்லுருபுகளும் இவ்வாறு அளவடையை இடையே ஏற்பன அல்ல. ‘ஊரைப் பற்றிப் பேசினான்’ என்பதில் ‘ஊரைச் சற்றுப் பற்றி’ என இடைப்பிறவரல் இல்லை. ‘ஊர் வரை’, ‘ஊருக்காக’, ‘ஊருடன்’ என்பவற்றிலும் இல்லை. ‘ஊரைத் தாண்டி’ என்பதிலோ ‘ஊரைச் சற்றுத் தாண்டி’ என வரும். ‘ஊரிலிருந்து சற்றுத் தொலைவில்’ என்பதும் இயல்பே. எனவே இதற்குக் காரணம் உருபு அன்று; உருபின் பின் நிற்கும் சொல்லின் பொருளேயாம். அச்சொல் எல்லைக்கும் பொருளுக்கும் இடைப்பட்ட ஓர் இடைவெளியை உணர்த்துமாயின் அளவடை புகும், உணர்த்தாதாயின் புகாது.

இதற்குத் தெளிவானதொரு சான்று ‘மேல்’ என்னும் சொல்லில் கிடைக்கிறது. ‘மலைமேல் கோயில் உள்ளது’ என்பதில் கோயில் மலையைத் தொட்டு நிற்கிறது. ‘மலைக்கு மேல் முகில் உள்ளது’ என்பதில் முகில் மலையைத் தொடவேண்டுவதில்லை. முதல் தொடரில் ‘சற்று’ என்பதனைப் புகுத்த இயலாது. இரண்டாவது தொடரில் ‘மலைக்குச் சற்று மேலே முகில் உள்ளது’ எனத் தடையின்றிப் புகும். தொட்டு நிற்கும் பொருளுக்கு அளக்க இடைவெளி இல்லை. விலகி நிற்கும் பொருளுக்கு உண்டு. பேச்சுவழக்கில் இவ்விரண்டு அமைப்பும் ஒன்றன் பொருளில் மற்றொன்று வருதல் உண்டாயினும், அளவடை புகுந்தவுடன் விலகற் பொருளே நிலைபெறுகிறது. ஆகவே அளவடையை இடையே புகுத்திப் பார்த்தல், சொல்லுருபுகளை வகைப்படுத்துதற்கு எளியதொரு சோதனையாகப் பயன்படும் என்பது எம் கருத்து.

பெயரெச்சத்தை அடுத்த ‘பின்’ என்பதும் இவ்வுண்மையை வலியுறுத்தும். ‘மழை நின்ற சற்றுப் பின்’ என்பது வழக்கன்று. அதனைத் தொழிற்பெயராக்கி நான்காம் உருபு கொடுத்தால், ‘மழை நின்றதற்குச் சற்றுப் பின்னர்’ என அளவடைக்கு இடம் பிறக்கிறது. அன்றி, அளவையே பெயராக்கி, ‘மழை நின்ற சிறிது நேரத்துக்குப் பின்னர்’ எனலும் ஆம்.

5. பொருள் திரியும் இடங்கள்

அளவுச் சொல்லை இடம் மாற்றினால் எப்பொழுதும் தீங்கு விளைவதில்லை. ‘சற்று’ என்பது பெரும்பாலும் இடம், காலம், தன்மை என்பவற்றின் அளவையே குறிக்கும். ‘சற்று நேரம்’, ‘சற்றுத் தொலைவு’, ‘சற்றுப் பெரிய’ என வரும். ‘சற்றுப் பால்’ என வாராது. ஆதலின் ‘சற்று ஊருக்கு மேற்கே’ என்பது செவிக்கு இடர் தருமேயன்றி, வேறு பொருள் தாராது. சிறிது, கொஞ்சம் என்பனவோ பொருட்பெயர்க்கும் அடையாவன. ‘சிறிது பால்’, ‘கொஞ்சம் நெல்’ என வருதல் காண்க. இவை இடம் மாறும்பொழுதே இன்னல் தொடங்குகிறது.

மருந்துக் குறிப்பொன்றினை எடுத்துக்கொள்வோம். ‘உணவுக்குச் சிறிது பின்னர் அருந்துக’ என்றால், உண்டு முடித்துச் சிறிது நேரம் கழித்து அருந்துக என்பது பொருள். அதனையே ‘சிறிது உணவுக்குப் பின்னர் அருந்துக’ என எழுதினால், சிறிதளவு உணவு உண்டபின் அருந்துக என்றாகிவிடும். முன்னது காலத்தை வரையறுக்கிறது. பின்னது உணவின் அளவை வரையறுக்கிறது. நோயாளர் நன்றாக உண்ண வேண்டியிருக்க, ஒரு கவளம் உண்டு மருந்தருந்துதற்கு இத்தொடரே காரணமாகலாம். மூலத்தில் இல்லாத ஓர் ஆணையை மொழிபெயர்ப்பு பிறப்பித்துவிடுகிறது.

நிலப்பத்திரத்தில் இதன் விளைவு வேறு வகையினது. பத்திரங்களில் நான்கெல்லை கூறும்பொழுது, ‘வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஓடைக்கு மேற்கு’ என்றாற்போல எழுதுவது நெடுங்கால மரபு. இவ்விடத்து ‘ஓடைக்கு மேற்கு’ என்பது ஓடையைத் தொட்டு அதன் மேற்கே கிடக்கும் நிலத்தையே குறிக்கும். ‘ஓடைக்குச் சற்று மேற்கு’ என எழுதினால், ஓடைக்கும் நிலத்துக்கும் இடையே ஒரு துண்டு விடுபட்டதாகக் கொள்ள இடமுண்டு. முன்னைப் பகுதியில் கூறிய இடைவெளிப் பொருள் இங்கே வழக்குக்கு வித்தாகிறது. இனி, ‘கொஞ்சம் புன்செய்க்கு மேற்கு’ என அளவுச் சொல் முன்வருமாயின், புன்செய் முழுவதும் எல்லையோ, அதன் ஒரு பகுதியே எல்லையோ என்னும் ஐயம் எழும். ஒரு சிறு சொல் நிற்கும் இடத்தால் நிலத்தின் பரப்பே கூடவும் குறையவும் நேர்கிறது.

பேச்சுவழக்கு மற்றொரு பொருளையும் காட்டுகிறது. ‘கொஞ்சம்’ என்பது தொடரின் தொடக்கத்தில் நின்று ஏவலை மென்மையாக்கும். ‘கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வா’ என்னும்பொழுது, கடையும் சிறிதன்று, போதலும் சிறிதன்று. வேண்டுதலே மென்மை பெறுகிறது. வழி கேட்பார்க்கு ‘ஊருக்குக் கொஞ்சம் மேக்க போங்க’ என்று ஒருவர் கூறினால், ஊரெல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் போதும். ‘கொஞ்சம் ஊருக்கு மேக்க போங்க’ என்றால், மேற்கே செல்லுமாறு பணிவாகக் கேட்டுக்கொண்டதாகும்; எவ்வளவு தொலைவு என்பது கூறப்படவில்லை. எனவே தொடக்கநிலை தமிழில் வெற்றிடமன்று. அது வினைக்கும் வேண்டுதலுக்கும் உரிய இடமாக முன்னரே நிரம்பியுள்ளது. அவ்விடத்தில் திசையளவைக் கொண்டு நிறுத்துதல், பிறர் இருக்கையில் ஒருவரை அமர்த்துதல் போல்வதாம்.

6. அளவு முன், வரையறை பின்

ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட்’, ‘ஒன்லி’ போன்ற வரையறைச் சொற்களும் அளவுச் சொற்கள் நிற்கும் இடத்திலேயே, அதாவது தொடருக்கு முன்னர், நிற்கின்றன. ‘சிறிய அளவில் மட்டும்’ என்பதனை அம்மொழியில் இருவகையாகக் கூறலாம். வரையறைச் சொல்லை முன்னுருபுக்கு முன்னே நிறுத்தலாம். அதன் பின்னே, ‘சிறிய’ என்பதற்கு முன்னாகவும் நிறுத்தலாம். இன்னும் விலகி, வினைக்கு முன்னே நிறுத்துதலும் உண்டு. ஃபவுலர் 1926-இல் வெளியிட்ட தற்கால ஆங்கில வழக்கு பற்றிய நூலில் இச்சொல்லின் இடம் குறித்துத் தனியே எழுதினார். அதனைத் தான் வரையறுக்கும் சொல்லை ஒட்டியே எங்கும் நிறுத்தல் வேண்டும் என வற்புறுத்துவாரை அவர் மறுத்தார். பொருள் மயங்காதவிடத்து இயல்பான இடத்தில் நிற்பதே போதும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலத்தில் குரல் அழுத்தம் பொருளைக் காட்டிவிடும் ஆதலின் அக்கொள்கை அம்மொழிக்குப் பொருந்தும்.

தமிழின் நிலை வேறு. இங்கே வரையறுப்பன மட்டும், தான், ஏகாரம் முதலியன. இவை யாவும் தாம் வரையறுக்கும் சொல்லின் பின்னரே நிற்பன. இடம் மாறினால் பொருளும் மாறும். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பாலும் சருக்கரையுமே முதன்மையானவை. அதில் ஏலம் சேர்த்தல் பற்றி ஒருவர் கூறுவதாகக் கொள்வோம்.

(3) ஏலத்தைச் சிறிதளவில் மட்டுமே சேர்க்கலாம்.
(4) ஏலத்தை மட்டுமே சிறிதளவில் சேர்க்கலாம்.
(5) ஏலம் சிறிதளவே சேர்க்கப்பட்டது.

மூன்றாம் தொடர் அளவுக்கு வரம்பு இடுகிறது. நான்காம் தொடர் ஏலம் ஒழிந்த பிறவற்றை விலக்குகிறது. ஐந்தாம் தொடர் சேர்த்த அளவு குறைவு எனத் தெரிவிக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லை ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்தத்தால் வேறுபடுத்தக் கூடிய பொருள்களைத் தமிழ் இடத்தாலேயே வேறுபடுத்திக் காட்டுகிறது.

இதனால் பெறப்படுவது யாதெனின், தமிழில் அளவு முன் நிற்கும். வரையறை பின் நிற்கும் என்பதாம். ஆங்கிலத்தில் இரண்டும் முன் நிற்பன. ‘ஊருக்குச் சற்றே மேற்கில்’ என்னும் தொடரில் இவ்விரண்டு விதியும் ஒருங்கே செயற்படுகின்றன. சற்று என்னும் அளவடை ‘மேற்கில்’ என்பதன் முன் நிற்கிறது. அவ்வளவின் சிறுமையை வரையறுக்கும் ஏகாரம் ‘சற்று’ என்பதன் பின் நிற்கிறது. ஏகாரத்தை நகர்த்தி ‘ஊருக்கே சற்று மேற்கில்’ என்றால் வேறு எல்லைகள் விலக்கப்படும். ‘ஊருக்குச் சற்று மேற்கிலேயே’ என்றால் வேறு திசைகள் விலக்கப்படும். மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் சொல்வரிசையைப் பாராது, மூலத்தில் எது அளவு, எது வரையறை எனப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் நிறுத்துதல் வேண்டும்.

7. சிறிது, சிறிதே, சிறிதும், சிறிதேனும்

வரையறை பின் நிற்கும் என்னும் விதியினின்று மற்றொரு பயனும் விளைகிறது. ஆங்கிலத்தில் சிறுமை குறிக்கும் ஒரு சொல், முன்னே ‘ஒரு’ என்னும் பொருளுடைய சார்புச்சொல் பெற்றால் உண்மையையும், பெறாவிடின் பெரும்பாலும் இன்மையையும் உணர்த்தும். தமிழ் இவ்வேறுபாட்டைப் பின்னொட்டுகளால் காட்டுகிறது.

(6) கண்மாயில் சிறிது நீர் உள்ளது.
(7) கண்மாயில் சிறிதே நீர் உள்ளது.
(8) கண்மாயில் சிறிதும் நீர் இல்லை.
(9) கண்மாயில் சிறிதேனும் நீர் இருந்தால் பயிர் பிழைக்கும்.

ஆறாம் தொடர் நீரின் உண்மையைக் கூறுகிறது. கேட்ட உழவர் ஆறுதல் அடைவர். ஏழாம் தொடர் போதாமையைக் கூறுகிறது. கேட்டவர் கவலை கொள்வர். எட்டாம் தொடர் முழு இன்மை. ஒன்பதாம் தொடர் குறைந்த அளவை வேண்டி நிற்பது. ஆங்கிலச் சொல் ‘ஒரு’ இன்றி வந்தவிடத்தும் ‘சிறிது’ என்றே பெயர்த்துவிட்டால், கவலைக்குரிய செய்தி ஆறுதற் செய்தியாகத் திரிந்துவிடும்.

எட்டாம் தொடரில் வந்த உம்மையை இழிவு சிறப்பும்மையாகக் கொள்ளுதல் பொருத்தம். மிகக் குறைந்த அளவுதானும் இல்லையெனின், மிகுந்த அளவு இல்லை என்பது சொல்லாமலே பெறப்படும். எள்ளளவும், கடுகளவும், இம்மியளவும், துளியும் என வருவன யாவும் இவ்வகையின. இவை எதிர்மறை வினையையே அவாவி நிற்றலும் இக்காரணம் பற்றியதே. பேச்சுவழக்கில் ‘துளிகூட இல்லை’ எனக் ‘கூட’ என்பது இவ்வும்மையின் இடத்தைப் பெறுகிறது.

8. பின்னங்களில் அளவின் இடம்

தமிழ்ப் பின்ன வாய்பாட்டிலும் இவ்விதிகளின் செயலைக் காணலாம். தொல்காப்பியர் ஏகாரத்துக்குக் கூறிய பொருள்களுள் பிரிநிலையும் எண்ணும் இரண்டு. ‘இரண்டே படி’ என்பதில் ஏகாரம் பிரிநிலை. இரண்டின் மிக்கதை விலக்குகிறது. ‘இரண்டே கால்’ என்பதில் அது எண். இரண்டையும் காலையும் கூட்டுகிறது. இனி ‘இரண்டே கால்படி பால்’ என எழுதினால், அதனை இரண்டேகால் படி எனவும் கொள்ளலாம். கால்படி என்னும் அளவு இரண்டு மட்டும், அதாவது அரைப்படி, எனவும் கொள்ளலாம். இவற்றிடை உள்ள வேறுபாடு நான்கரை மடங்கு. பேச்சில் இடைநிறுத்தம் ஐயத்தை நீக்கிவிடும். எழுத்தில் ‘இரண்டேகால் படி’ எனவும் ‘இரண்டே கால்படி’ எனவும் சொற்பிரிப்பில் கருத்துச் செலுத்துதல் வேண்டும்.

சிறிய பின்னங்களின் பெயரில் ‘கீழ்’ என்னும் இடப்பெயரே அளவடையாக மாறியுள்ளமை நோக்கத்தக்கது. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. முந்திரியினும் சிறியவற்றைக் கூற வேண்டியவிடத்து, முன்னோர் ‘கீழ்’ என்பதனை முன்னே சேர்த்தனர். கீழ்முந்திரி என்பது முந்திரியின் 320-இல் ஒரு பங்கு; அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலப்பரப்பு இத்துணை நுண்ணிய பின்னங்கள் வரை குறிக்கப்பட்டுள்ளது. இங்கும் சிறுமைப்படுத்தும் சொல் தான் அளக்கும் சொல்லின் முன்னரே ஒட்டி நிற்றல் காண்க.

9. அண்டை மொழியின் சான்று

இராசபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜுக்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். தெலுங்கிலும் ‘ஊரிகி கொஞ்செம் படமர’ என்பதே வரிசை. ஊருக்கு, கொஞ்சம், மேற்கு எனச் சொல்லுக்குச் சொல் தமிழோடு ஒக்கின்றது. கொஞ்சம் என்னும் சொல்லும் இரண்டு மொழியிலும் வழங்குவதே. எனவே இருமொழியாளர் இத்தொடரைப் பெயர்க்கும்பொழுது இடம் மாற்றும் தேவையே எழுவதில்லை.

இவ்வூரினரான மு. கு. ஜகந்நாத ராஜா தெலுங்கிலிருந்தும் பிராகிருதத்திலிருந்தும் தமிழுக்கு நூல்கள் பல பெயர்த்தவர். கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா என்னும் காவியத்தை அவர் தமிழாக்கினார். அதற்காகச் சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசினையும் பெற்றார். திருவில்லிபுத்தூரின் கதை தெலுங்குக்குச் சென்று, அண்டை ஊராகிய இராசபாளையத்தின் வழியாகத் தமிழுக்குத் திரும்பியது. கருத்தும் யாப்பும் பற்றிய இடர்ப்பாடுகள் அத்தகைய பணியில் பலவாக இருக்கும். தொடரின் சொல்வரிசை பற்றிய இடர்ப்பாடோ மிகச் சிறிதே. இந்தியிலும் ஊர்ப்பெயர், உருபு, அளவு, திசை என்னும் வரிசையே அமைகிறது. ஆகவே இஃது ஒரு குடும்பத்து மொழிகளுக்கே உரிய இயல்பன்று. உருபைப் பின்னே கொள்ளும் மொழிகளிடைப் பரவலாகக் காணத்தக்கது. இடர் எழுவது முன்னுருபு மொழியாகிய ஆங்கிலத்தை எதிர்ப்படும்பொழுதே.

10. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று. முதலாவது, சிறுமை உணர்த்தும் அளவடை, உருபேற்ற பெயரின் முன்னர் நில்லாது, இடைவெளியை உணர்த்தும் இடப்பெயர் அல்லது காலப்பெயரை ஒட்டி அதன் முன்னர் நிற்கும். இரண்டாவது, அவ்வளவை வரையறுக்கும் ஏகாரம், உம்மை, மட்டும் முதலியன தாம் வரையறுக்கும் சொல்லின் பின்னர் நிற்கும். மூன்றாவது, சிறிது, கொஞ்சம் என்பன பொருட்பெயர்க்கும் அடையாகக் கூடியன ஆதலின், இவை இடம் பிறழ்ந்தவிடத்துப் பொருளும் பிறழும். சற்று என்பது பிறழ்ந்தவிடத்துப் பெரும்பாலும் ஓசையே பிறழும். ஆதலால் காலமும் தொலைவும் குறிக்குமிடத்துச் ‘சற்று’ என்பதனை ஆளுதல் மொழிபெயர்ப்பாளர்க்குக் காப்பாக அமையும்.

செய்யுளில் சொற்கள் இடம் மாறி நிற்றல் உண்டு. அதற்குக் கொண்டுகூட்டு முதலிய பொருள்கோள் முறைகள் துணைசெய்கின்றன. மருந்துக் குறிப்புக்கும் நிலப்பத்திரத்துக்கும் அரசு அறிவிப்புக்கும் உரையாசிரியர் இல்லை. அவற்றைப் படிப்போர் எழுதிய வரிசையிலேயே பொருள் கொள்வர். அதன்படியே மருந்து உண்பர், வேலி இடுவர். எனவே, பட்ட மேற்படிப்பு மாணவர் வேற்றுமையியலைப் பயிலும்பொழுது உருபுகளின் பொருளோடு நின்றுவிடாது, அத்தொடரினுள் அளவடைக்கு உரிய இடத்தையும் ஆராய்ந்து பயிலுதல் நன்று. மொழிபெயர்ப்புப் பயிற்சியிலும் இப்பகுதிக்குத் தனியிடம் தருதல் வேண்டும்.